ஏழாம் எண் மேல் ஒரு கோடு

தாழ்வாரத்தில் நாற்பத்திரண்டு பேர் நிற்கிறார்கள், ஆனால் ஒரு சத்தம் கேட்கிறதா பாருங்கள், ரொதியோன் மார்க்கவிச். போன வாரம் புகார் கொடுக்க வந்தவர்கள் உங்கள் விசாரணை அறைக் கதவின் கைப்பிடியையே கழற்றிவிட்டார்களாம். இன்று பட்டியல் என் கையில் இருக்கிறது. உள்ளங்கையில் பேனாவால் எண், குறித்த நேரத்தில் ஆஜர், குரல் கொடுக்காதவர் பெயர் மேல் கோடு. நாட்டுக் கொடியே மாறிவிட்டது, இந்த வரிசை முறை மட்டும் மாறவில்லை.

முதல் பெயர் மேல் ஏன் கோடு போட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வங்கியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

ஸ்நெகீர் வங்கியை வளர்த்தது கெர்மன் ஒலேகவிச் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். பாவம், அவர் கலாச்சார மாளிகையில் வால்ட்ஸ் நடனம் சொல்லிக்கொடுத்தவர். நடந்தால் குதிகால் தரையில் படாது. பணத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்பதுதான். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பழைய மீன்கடையை வாடகைக்கு எடுத்து, வாசலில் ஸ்நெகீர் என்கிற அந்தச் சிவப்பு மார்புக் குருவி ஒன்றை வரைந்து, வசந்தத்தில் வங்கியைத் திறந்தார். ஒரு வாரம் ஈ காக்கை வரவில்லை. உள்ளே போனால் ஹெர்ரிங் மீன் வாடை. நான் போனேன், சும்மா, யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்க.

"என்னங்க கிளாவ்தியா பவ்லவ்னா, மாசம் முப்பது சதவீதம் வட்டி தர்றோம், ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல," என்றார், அழாத குறையாக.

"வாசல்ல யாருமே நிக்கலையே, அப்புறம் எப்படி வருவாங்க? பத்துப் பேரை நிப்பாட்டுங்க. மிச்சத்த ஜனங்க பாத்துக்குவாங்க."

மறுநாள் காலை எங்கள் மாடியிலிருந்து பத்துப் பேரை, தலைக்கு ஒரு கிலோ சர்க்கரை பேசி, கொண்டுவந்து நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் பால் வாங்கப் போனவள் ஒருத்தி நின்றாள்.

"என்ன தர்றாங்க?"

"தெரியல. ஆனா தீந்துடும்போல இருக்கு."

"ஐயோ, எனக்கு ரெண்டு வேணுமே."

மதியத்துக்குள் வரிசை மருந்துக்கடையைச் சுற்றி டிராம் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டது. ஒருவர் வாளியோடு வந்திருந்தார். கவுண்டரில் விஷயம் தெரிந்த பிறகும் யாரும் வெளியேறவில்லை. மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போக யாருக்கு மனசு வரும்? பணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோடையில் வெந்நீர்க் குளியலகத்தில் ஒரு கிளை, கோளரங்கத்தில் ஒரு கிளை, பிரசவ மருத்துவமனையில் ஒரு மேசை. குழந்தை அழுவதற்கு முன்னால் அதன் பெயரில் கணக்கு. காசாளர் பெண்கள் எல்லோருக்கும் சிவப்பு ரவிக்கை, சனிக்கிழமை நடன வகுப்பு. ஊரில் ஒரு கழிப்பறை பாக்கியில்லாமல் குருவி நாட்காட்டி தொங்கியது. கெர்மன் ஒலேகவிச் ராட்சத பலூன் ஒன்று வாங்கி அதில் ஏறி, மேலிருந்து பேனாக்களைத் தூவினார். பலூன் க்வாஸ் பானத் தொழிற்சாலை முற்றத்தில் போய் விழுந்தது. அங்கிருந்த காவலாளியும் கணக்குத் தொடங்கினார். வாடை மட்டும் போகவில்லை. எங்கள் பணத்தை மோந்து பார்த்தே ஸ்நெகீர் பணம் என்று சந்தையில் சொல்லிவிடுவார்கள். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஊரே அந்த வருடம் கால் தரையில் படாமல் நடந்தது.

எனக்குச் சம்பளம் கிடையாது. கணக்குத் தொடங்கக் கூட்டிவரும் ஆள் ஒன்றுக்கு ஒரு டப்பா காபித்தூள். யார் வீட்டில் எந்த ஊறுகாய் ஜாடிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக அதே கட்டடத்தில் குடியிருக்கிறேன்.

தைசியா எதிர் வீடு. அவள் கணவர் புரோகருக்கு இதயத்தில் வால்வு பழுது. பிப்ரவரியில் மாஸ்கோவில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்காகத் தோட்ட வீட்டை ஆப்பிள் மரங்களோடு விற்றாள். அந்தப் பணத்தை மெத்தைக்குள் தைத்து வைத்து, அதன் மேல் புரோகரையே படுக்க வைத்திருந்தாள். அவரும் புரளவே பயந்து படுத்திருந்தார்.

"மெத்தைக்குள்ள கெடந்தா விலைவாசி தின்னுட்டுப் போயிடும்டி தாஸ்யா. மூணு மாசம் போட்டு வை. ஆபரேஷன் செலவு போக ஒரு கம்பளிக் கோட்டும் வாங்கலாம்."

"எனக்கு என்னமோ பயமா இருக்கு கிளாவா. இது அவரோட உசுரு."

"அதத்தான் நானும் சொல்றேன். உசுரப் போயி மெத்தைக்குள்ள வப்பாளா ஒருத்தி?"

தைசியாவுக்காக எனக்குக் கிடைத்த டப்பாவில் தங்க மூடி இருந்தது. நல்ல காபி. அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கவுண்டரில் 'தொழில்நுட்ப இடைவேளை' என்று அட்டை மாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். அடிதடியாகிவிடும் என்று நானே நோட்டை எடுத்தேன். தைசியா சீக்கிரம் வந்திருந்தாள், அவளுக்கு ஏழு. எனக்குப் பன்னிரண்டு. பட்டியல் வைத்திருப்பவளே வரிசையின் தலையில் நின்றால் ஊர் பேசும், அதனால்தான். என் சாவுச்செலவுக்கென்று சேர்த்தது அங்கே இருந்தது. சவப்பெட்டிக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும். அது இல்லாமல் சாவது பெரிய அவமானம், உங்களுக்குத் தெரியாததில்லை.

மூன்றாம் நாள் ஒரு மணிக்கு, காசாளர் பெண் எல்வீரா புகைபிடிக்கிற சாக்கில் வெளியே வந்து என் காதோடு சொன்னாள்: "ரெண்டு மணிக்குக் கவுண்டர் திறக்கறோம், அத்தை. பெட்டியில பதினோரு பேருக்குத்தான் இருக்கு. நாளைக்கு நாங்களே இருக்க மாட்டோம்."

பதினொன்று. நான் பன்னிரண்டு. உட்கார்ந்து யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

ஆஜர் இரண்டு மணிக்கு. ஒன்றேகாலுக்குத் தைசியா என்னிடம் வந்தாள். "அவருக்குச் சொட்டு மருந்து குடுத்து, ஒரு வாய் சூப் ஊட்டிட்டு ரெண்டுக்குள்ள ஓடி வந்துடறேன்டி."

"போயிட்டு வா. உன் இடத்த நான் பாத்துக்கறேன்."

ஒன்றரைக்கு ஆஜர் எடுத்தேன். அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி உறைபனி. சீக்கிரம் எடுக்கச் சொல்லி யாரோ கேட்டார்கள். யாரோ என்ன, நான்தான் கேட்டேன், எல்லோரும் சரி என்றார்கள். நான் நின்ற இடத்திலிருந்து தைசியாவின் சமையலறை ஜன்னல் தெரியும். இரண்டாம் மாடிதான். ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். "ஏழு" என்று வாசித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கரண்டியை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெருவில் நின்று கத்துகிற பழக்கம் இல்லை. அவள் பெயரின் மேல் கோடு போட்டேன், நேராக, அளவுகோல் வைத்ததுபோல.

பதினோராவது ஆளாக என் பணத்தை வாங்கினேன். கொஞ்சம் மீன் வாடை அடித்தது.

தைசியா இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க ஓடிவந்தாள். வரிசையில் விட மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நோட்டில் கோடு இருக்கிறதே. ஆஜர் சீக்கிரம் எடுத்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் என் மீதுகூடக் கோபப்படவில்லை. "தப்பு என்னோடதுதான்டி. எங்க வீட்டுக் கடிகாரம் மெதுவா ஓடியிருக்கு," என்று அழுதாள். மறுநாளே அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு பழுதும் இல்லையே அம்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடிகாரத்தை நம்புவதில்லை. என்னைத்தான் மணி கேட்கிறாள்.

பிப்ரவரி வந்தது, போனது. மார்ச் ஆரம்பத்தில் புரோகர் இறந்துபோனார். சவப்பெட்டிக்கு என் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன், என் சாவுக்கென்று வைத்திருந்ததிலிருந்து. அவருடைய சாவுக்கு நான் செலவு செய்தேன், ரொதியோன் மார்க்கவிச், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தைசியா என் கையை முத்தமிட்டாள். கடன் என்று நான் வாய் திறக்கவில்லை.

இன்று புரோகர் இறந்து நாற்பதாம் நாள். தைசியா விடியும்போதே இங்கே வந்து முதல் எண் வாங்கிக்கொண்டாள். அப்புறம் அப்பத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள். ஒன்பது மணி ஆஜருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் எட்டே முக்காலுக்கு எடுத்தேன். இன்று பனி இல்லை, வெயில் அடிக்கிறது, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. ஆனால் அவள் உள்ளே வந்திருந்தால் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள். நீங்கள் படித்தவர், கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பீர்கள். அவர் பழுது இல்லை என்பார். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

என் புகார் சின்னதுதான். வங்கி எனக்கு ஆறு டப்பா காபித்தூள் பாக்கி.

கதவை யாரோ தட்டுகிறார்கள். தைசியாவாகத்தான் இருக்கும். கடைசியில் போய் நிற்கச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டாள். அவள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.