ஆறிலிருந்து ஏழு வரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை எழுதுவது எளிது.

விசாரணை முடிந்த அன்று நடைவழியில் நீங்கள் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அன்னிக்குக் காலையில நீங்க வீட்டுக்குள்ளதான் இருந்தீங்களாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. வராவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். வரிசையாகப் போகாவிட்டால் எனக்கு எழுத வராது.

நானும் நீந்தியவள்தான். வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். பன்னிரண்டு வயதில், நான் எட்டிய ஒரே இறுதிப் போட்டியில், இடது கையை முந்தி வைத்துவிட்டேன். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தவளைத் தகுதிநீக்கம் செய்வதற்கும் ஒரு நடுவர் குனிந்து பார்த்திருக்கிறார் என்றால் அவருடைய கடமையுணர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும். அன்று அதே குளத்தில் அக்கா முதலாவதாக வந்தாள். என் துண்டு நனைந்திருந்ததால் இருவரும் அவள் துண்டிலேயே துடைத்துக்கொண்டோம்.

அதன்பிறகு அவள் நீந்தினாள், நான் எழுதினேன். எங்கள் பயிற்சியாளரை நாங்கள் விசில் என்போம்; பேச்சைவிட அதைத்தான் அதிகம் ஊதுவார். அவர்தான் என் கையில் நிறுத்துகடிகாரத்தையும் ஒரு நோட்டையும் கொடுத்தார். பதினேழு வயதில் அக்கா முதல் வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாள். பத்தொன்பதில் இருநூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சியில் வெண்கலம். இருபத்திரண்டில், நான்கு வகை நீச்சலும் அடுத்தடுத்து வரும் நானூறு மீட்டர் மெட்லியில் வெள்ளி. மொத்தம் பதினோரு நாடுகள். நான் எங்கும் போனதில்லை. ஆனால் பதினோரு நாடுகளின் விசாப் படிவங்களும் எனக்கு மனப்பாடம்.

அம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள்: "இவ இல்லேன்னா அவ பாஸ்போர்ட்டைக்கூட வீட்டுல வச்சிட்டுப் போயிடுவா." இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் கிடைக்காதவர்கள் எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்களுக்குத் தெரிந்ததையே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்குப் போன வீராங்கனை ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்களைப் போன்ற அதிகாரி சொல்லாமல் வந்து, ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி கேட்பார். அவள் அங்கே இல்லாவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால், மருந்தே தொடாதவளாக இருந்தாலும் இரண்டு வருடத் தடை. அக்கா காலை ஆறிலிருந்து ஏழைத் தேர்ந்தெடுத்தாள். அதை எழுதும் இணையதளத்தின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தாள். ஆறு வருடம் அவள் எங்கே இருக்கிறாள் என்பது உலகத்துக்கு என் வழியாகத்தான் தெரிந்தது.

முதல் தவறு உண்மையிலேயே தவறு. அவள் வெளிநாட்டு முகாமில் இருந்தாள். அங்கே காலை ஆறு என்று மட்டும் எழுதினால் போதும். நான் நேர வித்தியாசத்தைக் கழித்துக் கூட்டி, யாரும் கேட்காத கணக்கு ஒன்றைப் போட்டு, மதியம் ஒன்றரை என்று எழுதிவிட்டேன். ஒன்றரைக்கு அதிகாரி அறைக்குப் போனபோது அக்கா பேருந்தில் ஊர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் திட்டவில்லை. "விடுடி, நான் சுவரைத் தொட்டுத் திரும்பறதுல தப்பு பண்ணலையா?" என்றாள். விளக்கக் கடிதம் எழுத ஐந்து நாள் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் பயிற்சிக்குப் போகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் "இது சரியா?" என்று என்னைக் கேட்டாள். கடிதம் ஏற்கப்படவில்லை. அந்த ஐந்து நாளும் நன்றாக இருந்தன என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அப்போது அந்த வரியில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மற்ற எல்லா வரியிலும் வரும்.

அடுத்த மாதம் அவள் ஒரு செய்தி சொன்னாள். உலகப் போட்டி முடிந்ததும் வெளிநாட்டில் ஒரு பயிற்சி மையத்தில் சேரப் போகிறாளாம், நான்கு வருடத்துக்கு. "அங்க இந்த ஃபாரத்துக்கெல்லாம் தனியா ஆளு இருக்காங்களாம். இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாருடி." அன்பாகத்தான் சொன்னாள். நான் வாழ்த்துச் சொன்னேன். பிறகு என் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். நோட்டுகள் இருந்தன.

அவளுடைய வலது தோள் அப்போது மோசமாக இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விசில் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் அவளை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த யாராவது நான்தான் என்று எனக்குத் தோன்றியது; பொறுப்புள்ள வேலைகளுக்கு என்னை யாரும் கேட்காததால் நானே முன்வருவது வழக்கம்.

இரண்டாவது தவறு: குளத்து விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவதாக அவள் தொலைபேசியில் சொன்னாள். முகவரியை மாற்றி எழுதினேன். எழுத்துப்பிழை பார்த்தேன். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தவில்லை. மறுநாள் காலை அதிகாரி விடுதியில் காத்திருக்க, அக்கா எங்கள் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். இதை மறதி என்று நான் ஒரு மாதம் நம்பினேன். நம்புவதில் எனக்கு விடாமுயற்சி உண்டு.

மூன்றாவது உங்களுடையது.

உலகப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அம்மா ஊருக்குப் போயிருந்தாள். அன்று தோள்வலியில் அவள் தூங்கமுடியாமல் புரண்டாள். பாலில் ஒரு தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். தடைசெய்யப்பட்ட பட்டியலில் அது இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அவள் பெயருக்குக் களங்கம் வருவதில் எனக்கு விருப்பமில்லை. அவள் கைப்பேசியை அணைத்தேன். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினேன். நீங்கள் அன்றுதான் வருவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. அது ஒன்பதாவது நாள். அதற்கு முந்தைய எட்டு நாளும் இதே பால், இதே மாத்திரை, இதே கம்பி.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு முதல் முறை கதவைத் தட்டினீர்கள். நான் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பதினைந்துக்கு அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஆறு முப்பதுக்கு எதிர்வீட்டு ஓட்டுநர் வெளியே வந்து, "உள்ள ஆளு இருக்கணுமே, நேத்துகூடப் பார்த்தேனே" என்றார். நல்ல மனிதர். உங்களுக்குச் சளி பிடித்திருந்தது. ஆறு நாற்பதுக்கு நீண்ட நேரம் இருமினீர்கள். வெந்நீர் கொண்டுவந்து தரலாம் என்று நான் எழுந்தேவிட்டேன். பிறகு நிலைமை நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். ஏழு அடித்தது. உங்கள் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கித் தேய்ந்தது. கம்பியை மாட்டினேன். அக்கா எட்டரைக்கு எழுந்து, "இந்த ஒரு வாரமா எவ்ளோ நல்லாத் தூங்கறேன்" என்றாள்.

விசாரணையில் என்னிடம் மணி அடித்த சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்றேன். அது உண்மை. தட்டிய சத்தம் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அக்கா எழுந்தாள். அவள் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். "என் தங்கச்சிமேல எதையும் போடாதீங்க. அவ எழுதினா எழுதினதுதான். எங்க போறேன்னு நான்தான் சரியாச் சொல்லாம விட்டிருப்பேன். கதவு தட்டினது கேக்காம நான்தான் தூங்கிட்டேன்." விசில் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருடத் தடை. அவளுக்கு இருபத்தைந்து வயது. வண்ணத்துப்பூச்சியில் இருபத்தேழில் திரும்பி வருவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் அவகாசம் இருந்தது. இந்தக் கடிதத்தின் முதல் வரைவை இரண்டாவது நாளே எழுதிவிட்டேன். அதை அப்போதே அனுப்பியிருந்தால் தடை குறைந்திருக்கும், ரத்தேகூட ஆகியிருக்கும் என்று ஒரு வழக்கறிஞர் எழுதிய கட்டுரையில் படித்தேன். ஆனால் நடை திருப்தியாக இல்லை. பத்தொன்பது முறை திருத்தினேன். அவகாசம் போன சனிக்கிழமை முடிந்தது. இப்போது நடை பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நீச்சலிலிருந்து விலகும் படிவத்தை மேசையில் வைத்தாள். அவளாகவே நிரப்பியிருந்தாள். எங்கே பிழை இருக்கும் என்று மூன்று முறை பார்த்தேன். எல்லாக் கட்டமும் சரியாக இருந்தது. "தெரியுமாடி, இனிமே நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் எழுதிக் குடுக்க வேண்டாம்" என்று சிரித்தாள். ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனாள்.

இன்று வியாழன். விசிலுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறாள். எங்கிருந்து என்று அம்மா சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், உள்ளேதான் இருந்தேன். மூன்றையும் நான்தான் செய்தேன், முதலாவதைத் தெரியாமல், மற்ற இரண்டையும் தெரிந்து. எல்லாம் அவள் நன்மைக்காக. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பதிலுக்கு ஒன்றே ஒன்று. ஆட்களைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் தொழில். அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றுமில்லை, சாப்பிட்டாளா என்று கேட்கத்தான்.