சிக்கனமாய் முடிந்த காரியம்

சாவு வீட்டில் காபி நன்றாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. நன்றாக இருந்தால் கூட்டம் கலையாது. என் அண்ணன் மருதையன் செத்த அன்று நான் அடுப்பையே பற்ற வைக்க விடவில்லை.

எங்கள் பக்கம் ஒருவன் செத்தால் மிச்சம் இருப்பவர்களும் பாதி செத்துவிட வேண்டும் சார். குளிர்பெட்டி, பூத்தேர், கொட்டு, வெடி, சாராயம். உயிரோடு இருந்தபோது ஒரு டீ வாங்கித் தராத சித்தப்பா, பிணத்துக்கு ஆளுயர மாலையோடு வருவார். நான் அறிவியல் வாத்தியார். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது.

எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, ஒரு டாக்டரிடம் மாரடைப்பு என்று எழுதி வாங்கினேன். தஞ்சாவூர் எரிவாயு தகனமேடைக்குப் போன் செய்தேன். மத்தியானம் வரச் சொன்னார்கள். ஒரு வேன், ஒரு வேட்டி, ஒரு மாலை. போதும்.

அண்ணி செவ்வந்திதான் கெஞ்சினார். "எங்கண்ணன் பரிதி சென்னையிலேருந்து கெளம்பிட்டாங்க தம்பி. பொறந்த வீட்டுக் கோடி வரட்டும். அவங்க ஒருதரம் மொகத்தப் பாத்துடட்டும்."

"வெயில் ஏறுது அண்ணி. தாங்காது."

அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றும்போது அண்ணி கணுக்காலைத் தடவிப் பார்த்து, "இது என்ன ரெண்டு புள்ளி?" என்றார். கருவ முள் என்றேன்.

படிச்சவன் எவ்வளவு எளிமையா முடிச்சுட்டான் பாரு என்று ஊரே மெச்சியது. இவர்கள் மெச்சுவதற்கு அறிவு தேவைப்படுவதில்லை.

அண்ணனையும் இப்படித்தான் மெச்சினார்கள். எங்கள் தெருவில் யார் செத்தாலும் பாடையைச் சேற்றிலும் வரப்பிலும் தூக்கிக்கொண்டு தடுமாற வேண்டும். சுடுகாட்டுக்குத் தன் பங்கு நிலத்தில் பாதை விடுவதாக அவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னான். கைதட்டினார்கள். பத்திரம் எழுதுவதுதான் பாக்கி. கைதட்டலுக்கு நன்செய் நிலத்தைக் கொடுக்கும் ஆள் அவன்.

"செத்தவங்களாவது நேரா போகட்டும்டா" என்று என்னிடம் சிரித்தான்.

அவன் பங்குதானே என்பீர்கள். பிணம் போகும் வழிக்குப் பக்கத்து நிலத்தை, என் பங்கை, எவன் வாங்குவான்?

பரிதி சாயங்காலம் வந்தார். அண்ணி புள்ளியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நேரே கொட்டகைக்குப் போய் உரச் சாக்குகளைப் புரட்டினார். கட்டுவிரியன் அங்கேயே இருந்தது. அடித்து, உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். உருப்படியாக ஒரு காரியம் செய்த சொந்தக்காரர் அவர் ஒருவர்தான்.

பாம்பைப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன்.

தண்ணீர் பாய்ச்சப் போன அண்ணன் கொட்டகையிலேயே படுத்திருக்கிறான். விடிகாலையில் நான் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளை வளையம் போட்ட கறுப்பு வால் சாக்குக்கு அடியில் நுழைந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"கால்ல சுருக்குன்னுச்சுடா. வயித்த வலிக்குது. கண்ணத் தொறக்க முடியல."

"எறும்புண்ணே. படு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"செத்த நேரம் படு. சரியாயிடும்."

என் வண்டி வெளியே நின்றது. பெரியாஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்கிறது, காசு கேட்பதில்லை. வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் படுத்துக்கொண்டான். படித்தவன் என்று என் பேச்சை எப்போதும் கேட்பான். நாக்கு குழறியது, பிறகு பேச்சு நின்றது. இமை மூடியபடியே துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு அடங்கும்வரை நானும் விடவில்லை.

கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள எத்தனை பேருக்கு என்னைப்போல் ஒரு தம்பி வாய்க்கிறான் சார்?