உப்புப் போடாத சோறு

நாய்க்கு வயிறு கெட்டால் முதலில் ஒருவேளை பட்டினி போட வேண்டும். தண்ணீர் மட்டும் வைக்கலாம். அப்புறம் கோழியைத் தோலுரித்து, கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். எலும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அரிசியைக் குழைய விட்டு, கறியைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து, ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். எண்ணெய், வெங்காயம், உப்பு எதுவும் ஆகாது. பண்ணை முதலாளி வீட்டு அடுப்படியில் வேலை பார்த்த காலத்தில் அவர்கள் நாய்களுக்கு இப்படித்தான் செய்து போட்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா.

நாயின் பெயரை எழுதும்போது நீங்கள் சிரித்தீர்கள். முச்சனேட்டா. நீங்களும் எங்களைப்போல ஷோனா மொழி பேசுகிறவர்தானே, உங்களுக்குத் தெரியும். நாய்க்காக யாரும் நாய்க்குப் பெயர் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிட்டால், தினமும் வாய்விட்டுக் கத்தலாம். 'நீ சலித்துத்தான் போவாய்' என்பது அந்தப் பெயர். அது எனக்கு வைத்த பெயர்.

புகையிலைப் பண்ணை லைன் வீட்டில் எனக்கும் மாய்ரூவாவுக்கும் ஒரே சுவர். ரூவாவைப் பெற்றதால் அவள் மாய்ரூவா, ரூவாவின் அம்மா. அவளுடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. பெற்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு மூன்று கருவும் தங்கவில்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொந்தப் பெயரில் வெறும் ஷுவாய், நேற்றுக் கல்யாணமாகி வந்தவளுக்கும்.

பிள்ளை வரம் கேட்டு வெள்ளை அங்கி போட்ட தீர்க்கதரிசியிடம் ஜெபத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மாய்ரூவா தன் நாயோடு வாசலில் நிற்பாள்.

"முச்சனேட்டா! எங்கடி சுத்திட்டு வர்றே? கால் வலிக்கலையா உனக்கு?" என்பாள். பிறகு குழாயடிப் பெண்களைப் பார்த்து, "இதுகூட ஆறு குட்டி போட்டுருச்சு, பாத்தீங்களாடி?"

அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த நாய்தான் செத்த கன்றைத் தின்றுவிட்டு வயிற்றால் போய்க் கிடந்தது. ரூவாவின் அப்பன் புகையிலைக் கொட்டகைக் காவலாளி. நாய் இல்லாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. மாய்ரூவா என் வாசலுக்கு வந்தாள்.

"ஷுவாய், நீ முதலாளி வீட்டு நாய்க்கெல்லாம் சமைச்சவ. இதைக் கொஞ்சம் பாரேன்."

"அதுக்கே சலிச்சுப்போச்சு போல," என்றேன்.

"நாக்கப் பாரு உனக்கு. கோழி நான் தர்றேன், வா."

அரிசி என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். மற்ற நாளெல்லாம் எங்களுக்குச் சோளக்களிதான். கோழியும் சோறும் ஒன்றாக வெந்தால் லைன் முழுக்க மணக்கும். மணத்துக்கு ரூவா வந்துவிட்டாள்.

"அத்தை, கிறிஸ்துமஸ் வந்துருச்சா?"

"இல்லடி. இது நாய்க்கு."

ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "த்தூ. உப்பே இல்ல."

"நாய்க்கு உப்பு ஆகாது."

"நான் நாய் இல்லையே," என்று என் மடியில் உட்கார்ந்தாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளே நாய் எழுந்து நின்றுவிட்டது. மாய்ரூவாவுக்கும் பழைய குரல் திரும்பி வந்தது. குழாயடியில் நான் குடத்தைத் தூக்கும்போது, "முச்சனேட்டா! இன்னும் சலிக்கலையாடி உனக்கு?" என்றாள். நான் வீட்டுக்கு வந்து மீதி அரிசியைக் களைந்து போட்டேன். வயிறு முழுசாகத் தேறவில்லை, இன்னும் ஒருவேளை கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். "உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று மிச்சக் கறியைக் கொண்டுவந்து தந்தாள்.

அந்தச் சோற்றில்தான் புகையிலை நாற்றுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்தேன். நாய் செத்தால் அந்தப் பெயரும் செத்துப்போகும் என்று நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். பிள்ளை தெரியாமல் தின்றது விபத்து என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை.

சட்டியைப் பின்படியில் ஆற வைத்தேன். நாய் அப்போது ரூவாவின் அப்பனோடு கொட்டகைக்குப் போயிருந்தது. நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டது. நாய் கரண்டியால் சாப்பிடாது. கீரையை ஆய்ந்து முடித்தேன்.

அடக்கத்தன்று பாயில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "மாய்ரூவா, ஐயோ மாய்ரூவா" என்றுதான் அழுதார்கள். பிள்ளை மண்ணுக்குள் போன பிறகும் அதே பெயர். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே தோன்றவில்லை. ஐயா, அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

சட்டியில் ஒட்டியிருந்த பருக்கையைப் பரிசோதித்ததில் உப்பும் இருந்தது என்கிறீர்கள். நாய்ச்சோற்றில் உப்பு எப்படி வந்தது, கைப்பழக்கத்தில் போட்டாயா என்று கேட்கிறீர்கள்.

இல்லை, ஐயா. மருந்தைக் கலந்த பிறகு, அளந்துதான் போட்டேன். உப்பில்லாவிட்டால் ரூவா சாப்பிடமாட்டாள்.