ஓஸ்னியின் சவரக்கத்தி

குழந்தைகளைக் குளிப்பாட்டுவது எனக்குக் கைவந்த வேலை, டாக்டரம்மா. என் கையில் எந்தக் குழந்தையும் அழாது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முதுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முகத்தைக் கடைசியில்தான் கழுவ வேண்டும். அதனால்தான் என் தம்பி அடாயிரும் அவன் மனைவி இவோனெச்சியும் மரம் அறுக்கும் ஆலைக்குப் போகும்போது தங்கள் பிள்ளை லுவானை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

லுவானின் உடம்பில் மாற்றத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நேராகப் பதில் சொன்னால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் கெட்டவள் இல்லை, பயந்தவள். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் ரோசானி நாலு வயதில் போனாள். மூன்று வயதிலேயே அவளுக்கு அக்குளில் முடி, முகத்தில் பரு, பெரியவர்களுக்கு வருவது போன்ற வியர்வை நாற்றம். நாங்கள் கேலி செய்து சிரித்தோம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி என்று தெரிந்தபோது அது நுரையீரல்வரை போயிருந்தது. கட்டைவிரல் அளவில் இருந்தபோதே கொண்டுவந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று குரிச்சிபா பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை நான் மறக்கவே இல்லை.

பிறகு என்னிடமும் என் கணவர் ஓஸ்னியிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொன்ன அன்று ஓஸ்னி லாரியில் மரம் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் போனேன். உங்களுக்கு முன்பு இருந்த டாக்டர் நல்ல மனிதர். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு காவல்காரன் இருக்கிறான், கெட்டுப்போன உயிரணுவைப் பெருகவிடாமல் தடுப்பது அவன் வேலை, அவனை உண்டாக்கும் மரபணுவில் உங்களுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார். ரோசானிக்கு அது என்னிடமிருந்துதான் வந்தது. ஓஸ்னிக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது, ஒரு காலத்தில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு இந்த வழியாகப் போன யாரோ ஒரு மூதாதை கொடுத்ததாக இருக்கலாம், யார் மேலும் தப்பில்லை என்றார். உங்கள் தம்பியையும் கூட்டி வாருங்கள், அவருக்கும் இருக்கலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க சால்வைக்குள் கையை விட்டு என் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் அம்மா மார்பில் கட்டி வந்து இளம் வயதில் போனவள். அவளுடைய தம்பிக்கு எலும்பில் வந்தது. அடுத்தது நான். அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. வயிற்றுக்குள் யாரோ குந்தி உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருந்தது.

மறுநாள் காலை ஓஸ்னி லாரியிலிருந்து இறங்கியதும் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"உங்க வீட்டு ரத்தமாம்," என்றேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் உள்ளே இருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. ஓஸ்னி வாசற்படியில் அப்படியே சரிந்தார். "எம் பொண்ண நானே கொன்னுட்டேனே. என்ன மன்னிச்சிரு சுல்மீரா," என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரை மன்னித்தேன்.

எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தம்பி வீட்டு முற்றத்தில் கூடி, கசப்பு இலையில் வெந்நீர் ஊற்றிய மாத்தே குடிப்போம். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், கைக்குக் கை மாறி எல்லாரையும் சுற்றி வரும். விஷயம் தெரிந்த அடுத்த ஞாயிறு, குடுவை ஓஸ்னிக்கு வரவேண்டிய முறை. அடாயிர் அவரைத் தாண்டி அதை எனக்கு நீட்டினான்.

"மாமாவுக்கு வயிறு சரியில்லல்ல," என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஆமாப்பா, எனக்கு வேணாம்," என்றார் ஓஸ்னி.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் அவருக்கு வயிறு சரியில்லாமலே இருந்தது. இது எச்சிலில் ஒட்டுகிற வியாதி இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் மேற்கொண்டு கேள்வி வரும். ஒரு மழைநாளில் ஓஸ்னி அணைக்கு மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. விபத்து என்றார் பாதிரியார். ஓஸ்னிக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

லுவான் பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், இந்த மாறிய எழுத்துக்கும் சேர்த்துச் சோதிக்கலாமா என்று கேட்டாள். "அது செத்துப்போன எங்க மாமா வீட்டு ரத்தம்மா. எங்களுக்கு எதுக்கு அது?" என்றான் அடாயிர். நான் பக்கத்தில்தான் நின்றேன், பிள்ளைக்குக் குல்லா மாட்டிக்கொண்டு.

இரண்டு வயது தாண்டியதும் லுவான் நாலு வயதுப் பையன் போல நிமிர்ந்துவிட்டான். தோளும் தொடையும் திரண்டன, குரல் தடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வைத்துத்தான் சிரிப்பு.

"ஏ இவோனெச்சி, புள்ளைக்குப் பால் குடுக்கிறியா, பன்னிக்கறி குடுக்கிறியா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"காளைக்கன்னு எம் மவன்," என்பான் அடாயிர். "நாளைக்கே ஆலைக்கு அனுப்பினா மேஸ்திரியவே மிரட்டுவான்."

"முதல்ல ஒரு பொண்ணப் பாருங்க. மீசை மொளைக்கப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீசை ஏற்கெனவே முளைத்துவிட்டது. அன்று காலையில்தான் மழித்திருந்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். போன வருடம் பைன் கொட்டை உதிர ஆரம்பித்த நாட்களில் பார்த்தேன். சோப்புப் போடும்போது அக்குளில் முடி கையில் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் எடுத்தால் ஓஸ்னிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் இருந்தது மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. தண்ணீர் ஆறிப்போகும்வரை அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓஸ்னியின் சவரக்கத்தியை எடுத்துவந்தேன்.

ஒரு நாளும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. "அத்தே, கிச்சுகிச்சு மூட்டாத," என்று அந்தத் தடித்த குரலில் நெளிவான். எனக்கு அவன் மேல் அவ்வளவு பிரியம். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது இவோனெச்சி குளிப்பாட்டினாள்.

"அண்ணி, இவன் அக்குள்ல என்னமோ சொரசொரன்னு குத்துதே?"

"வேர்க்குருதான்டி. பவுடர் போட்டு விடு."

பவுடர் போட்டாள். என்னை அப்படி நம்பினாள்.

குளிர்காலத்தில் அவன் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கட்டி தெரிந்தது. அப்போது அது கட்டைவிரல் அளவு இல்லை, என் முஷ்டி அளவு. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, கடைசி நாட்களில் பெற்றவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் உங்களிடம் கொண்டுவந்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும். அவன் வயதுக்குச் செய்த சவப்பெட்டி அவனுக்குப் போதவில்லை, பெரியது வரவழைத்தோம். கடைசியாகவும் நான்தான் குளிப்பாட்டினேன்.

இப்போது லுவானின் சோதனையில் அந்த எழுத்து தெரிந்துவிட்டது. நீங்கள் எங்கள் குடும்பத்தைக் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, அவனுடைய கட்டத்தைக் கறுப்பாக்கி, அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று பார்க்க இரண்டு பேரையும் ரத்தம் கொடுக்கக் கூப்பிடுகிறீர்கள். அடாயிர் வரமாட்டான். இவோனெச்சியின் பெரியப்பா ஒருவர் வயிற்றில் கட்டி வந்துதான் போனார். அதைப் போகிற போக்கில் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பொய் ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு குடுவை இவோனெச்சிக்கு வரவேண்டிய முறை. அடாயிர் அவளைத் தாண்டி அதை எனக்கு நீட்டினான்.

"மாசமா இருக்கிறவ, குமட்டும்," என்றான்.

"ஆமா, எனக்கு வேணாம்," என்றாள் அவள்.

மாத்தே நல்ல சூடாக இருந்தது. நான் குடித்தேன். எழுந்து வரும்போது அடாயிர் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "பொறக்கப் போறதையும் நீதான்க்கா பாத்துக்கணும். உன் கையை விட்டா எனக்கு யாரையும் நம்ப முடியல."

சரி என்றேன். இப்போதெல்லாம் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, டாக்டரம்மா. அந்தச் சவரக்கத்தியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், ஓஸ்னியின் ஞாபகமாக.