ரப்பர் பாய் வாசனை

மூக்கப் பொத்திக்கணும்னா பொத்திக்கோம்மா, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். புதுசா ஜிம்முக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. தரையில கருப்பாப் போட்டிருக்கோம்ல ரப்பர் பாய், அதோட நாத்தம்தான். வெயிட்டக் கீழ போட்டா தரை உடையக் கூடாதுன்னு போடுறது. காலையில ஷட்டரத் தூக்கினதும் ரப்பரும் வேர்வையும் கலந்து குப்புன்னு வரும் பாரு, பதினாறு வருஷமா அதுதான் எனக்கு முதல் காப்பி. என் பொண்டாட்டி சொல்லுவா, உங்களக் கட்டிக்கிட்டது டயர் கடையக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குன்னு.

மாஸ்டர்னே கூப்பிடு. உங்கப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவாரு, என்னைவிட இருபது வயசு மூத்தவரு. இங்க யாருக்கும் சொந்தப் பேரு கிடையாது. பேங்க் சார், டைலரு, கண்ணாடின்னு ஒருத்தன். உங்கப்பா டிரைவர் சார். நீன்னு சொல்றேன், கோச்சுக்காத. உன்னப் பத்திக் கேட்டுக் கேட்டு நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே ஆயிடுச்சு.

லாக்கர் அந்தக் கடைசி வரிசை, பதினாலாம் நம்பர். யாருக்கும் குடுக்கல, அப்படியேதான் இருக்கு. திறக்கலாம், என்ன அவசரம், முதல்ல உக்காரு. ஐயோ அந்த பெஞ்சுல வேணாம்! இல்ல, உடைஞ்செல்லாம் போகல. அதுல வேணாம், அவ்ளோதான். இந்த ஸ்டூல்ல உக்காரு.

அது என்ன பை? எனக்கா? எனக்கு எதுக்கும்மா...

ட்ராக் பேண்ட்டு. விலைச் சீட்டு கூடக் கிழிக்கல. டிரைவர் சார் வாங்கி வெச்சுட்டுப் போடாமப் போனதா? சரி, இது என்ன துண்டுச் சீட்டு, 'மாஸ்டருக்கு'ன்னு? உங்கம்மா கையெழுத்தா? ஏன், உன் கையில குடுத்துச் சொல்ல வேண்டியதுதான? மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டாங்களா?

ஒரே வீட்டுக்குள்ளயாம்மா? ஒரு வருஷமா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையா? சோறு கூட மூடி வெச்சுட்டு உள்ள போயிடுவாங்களா?

எனக்கு மாசா மாசம் போன் பண்றாங்கம்மா உங்கம்மா. நல்லாருக்கியாப்பா, புள்ளைங்க படிக்குதான்னு. உன்கிட்ட பேசுறதில்லன்னு ஒரு தடவ கூடச் சொன்னதில்ல.

இரு, இரு. அந்தக் கொரோனாவ வீட்டுக்கு நீ கொண்டாந்தியா? யாரு சொன்னது? நீ ஞாயித்துக்கிழமை பஸ்ல வந்து இறங்கின, அவருக்கு புதன்கிழமை காய்ச்சல், அதனால நீதான் கொண்டாந்தன்னா? உனக்கே எப்ப வந்துச்சு? அதுக்கடுத்த ஞாயிறா? அப்புறம் எப்படி... ஓஹோ, உனக்குள்ள முன்னாடியே இருந்திருக்கும், வெளிய தெரியலன்னு அம்மா சொல்றாங்களா. நீயும் அதையே நம்புறியா.

ம்ம்.

காத்தே வரல, ஃபேனப் போடுறேன் இரு.

உங்கப்பா மொத மொத வந்த அன்னைக்கு எப்படி வந்தாருன்னு தெரியுமா? முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின இடுப்பு, ஸ்டியரிங் முன்னாடி உக்காந்த மாதிரியே வளைஞ்சிருந்துச்சு. சக்கரை வேற. டாக்டர் போகச் சொன்னாராம், உங்கம்மா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து விட்டாங்க, பள்ளிக்கூடத்துல சேக்குற மாதிரி. ட்ரெட்மில்ல ஏத்தி விட்டேன். அரை மணி நேரம் நடந்துட்டு இறங்கி, என்ன மாஸ்டர், இவ்ளோ தூரம் ஓட்டியும் ஒரு ஸ்டாப்பிங் கூட வரலையேன்னாரு. அன்னைலேருந்து அவர் வர்ற நேரம் பாத்து வர்றதுக்குன்னே பத்துப் பேரு. ஒவ்வொரு செட்டு முடிஞ்சதும் விசில் அடிங்க மாஸ்டர், வண்டி கிளம்பட்டும்பாரு.

சக்கரை இறங்குச்சும்மா. பொய் சொல்லல, ரிப்போர்ட்டக் கொண்டாந்து இந்தச் சுவத்துல ஒட்டினாரு. அப்புறம்தான் அந்த மொத ஊரடங்கு. ஜிம்ம மூடுன்னுட்டாங்க. மூணே மாசம், சக்கரை முந்நூத்துக்குப் போயிடுச்சு அவருக்கு. இடுப்பு பிடிச்சுக்கிட்டு கட்டில்லேருந்து எழுந்திரிக்க முடியல. நான் சும்மா இருப்பேனா? ஜிம் நடத்துறவங்க சங்கத்துக்கு நான்தான தலைவரு. சாராயக் கடையத் திறந்து வெச்சிருக்கீங்க, உடம்பப் பாத்துக்குற கடைய மூடுறீங்களான்னு வாய் கிழியப் பேசினேன். மனு குடுத்தோம். மொதக் கையெழுத்து என்னுது. டிவிக்காரங்க வந்தப்போ உங்கப்பாவக் கூட்டிட்டுப் போயி கேமரா முன்னாடி நிறுத்தினேன். பாருங்க, இவரோட மருந்துக் கடை நாங்கதான், எங்கள மூடாதீங்கன்னு.

வெச்சிருக்கியா அந்த வீடியோவ? உங்கம்மா தினம் போட்டுப் பாக்குறாங்களா? வேணாம், போடாத. அதுல பக்கத்துல மார்ப விரிச்சுக்கிட்டு நிக்கிறானே, அந்த ஆளோட மூஞ்சிய எனக்குப் பாக்கவே பிடிக்கல. என்ன சொல்றான் தெரியுமா அதுல? நாங்க பொறுப்பானவங்க. வர்ற ஒவ்வொருத்தர் போன் நம்பரும் நோட்டுல இருக்கும். யாருக்காவது ஒரு தும்மல்னாக்கூட அரை மணி நேரத்துல அத்தன பேருக்கும் போன் போகும். கேக்கவே நல்லாருக்கு, இல்ல? அதக் கேட்டுத்தான் அனுமதியே குடுத்தாங்க.

நான் சொன்னபடியே செஞ்சேம்மா. வாசல்ல நின்னுக்கிட்டு, காய்ச்சல் பாக்குற துப்பாக்கிய ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் வெச்சு, நம்பரச் சத்தமாப் படிச்சு, கையெழுத்து வாங்கி, கைக்கு மருந்து ஊத்தி. உங்கப்பா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, சுடாதீங்க மாஸ்டர், சரண்டர்னு நிப்பாரு. எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சேன். என் நெத்தியில மட்டும் ஒரு நாள் கூட வெச்சுப் பாக்கல. மாஸ்டருக்கு யாரு வெச்சுப் பாப்பா? அந்த யோசனையே வரல.

இப்ப மறுபடி மூடப் போறாங்களாம்ல, கேள்விப்பட்டியா? அந்த மேசையில கிடக்குது பாரு, புது மனு. நாப்பது பேர் போட்டுட்டாங்க, மேல ஒரு இடம் காலியா விட்டிருக்காங்க, தலைவருக்குன்னு. பத்து நாளா பேனாவ எடுக்குறதும் வெக்கிறதுமா இருக்கேன். திறக்கணுமா மூடணுமான்னு நீ கேட்டா எனக்குத் தெரியாதும்மா. மூடினப்போ உங்கப்பா படுத்த படுக்கையா ஆனதும் நிஜம். திறந்தப்போ...

இல்ல, நீ நன்றியெல்லாம் சொல்லாத. கையெடுத்துக் கும்பிடாதம்மா, தயவு செஞ்சு. ஆக்ஸிஜன் சிலிண்டரத் தோள்ல போட்டு மூணு மாடி ஏத்தினேன், ஆமா. ஆம்புலன்ஸ் வரலன்னு என் வண்டியிலயே தூக்கிப் போட்டுட்டுப் போனேன், ஆமா. கடைசி வரைக்கும் நின்னேன், பெத்த பிள்ளை மாதிரின்னு உங்க சொந்தக்காரங்க சொன்னாங்க. எனக்குத் தொத்திக்கும்னு நான் பயப்படலையேன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. எனக்கு எதுக்கும்மா பயம்? எனக்குத்தான் அதுக்குள்ள வந்து போயிருச்சே.

ஆமா. எப்பன்னா கேக்குற? சொல்றேன், இரு. சொல்லத்தான் சுத்திச் சுத்தி வர்றேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு உடம்பெல்லாம் வலி. தொடை, முதுகு, எல்லாம். எங்க தொழில்ல உடம்பு வலிச்சா யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா சொல்லு? சந்தோஷந்தான் படுவோம். முந்தின நாள்தான் காலுக்குப் பயிற்சி போட்டிருந்தேன், நூறு கிலோ. நல்லா வேலை செஞ்சிருக்குடான்னு நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமையும் வலி. பரவால்ல, வயசாகுதுன்னு விட்டுட்டேன்.

சனிக்கிழமை காலையில வந்து ஷட்டரத் தூக்குறேன், ஒரு வாசனையும் இல்ல. பதினாறு வருஷத்துல மொத தடவை. கூட்டுறம்மா அப்பதான் உள்ள வந்தாங்க. அவங்களப் பாராட்டினேன். என்னக்கா, ஃபினாயில் போட்டு ஜோராத் துடைச்சிருக்கீங்க, நாத்தமே இல்லயேன்னு. அவங்க சிரிச்சாங்க. கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர், நான் ரெண்டு நாளா லீவு, இப்பதான் வாளியவே எடுக்குறேன்னாங்க.

நானும் சிரிச்சேம்மா. சிரிச்சுட்டு, துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போயி வாசல்ல நின்னேன்.

ஏழு மணிக்கு உங்கப்பா வந்தாரு. நாளைக்கு எம்பொண்ணு வர்றா மாஸ்டர், ரெண்டு நாள் லீவு குடுங்க, அதுக்கும் சேத்து இன்னைக்கே தூக்கிடுறேன்னாரு. ஒரே குஷி. அந்த பெஞ்சுலதான் படுத்தாரு. ஆமா, அதுலதான். நாப்பது கிலோ, அவர் அதுவரைக்கும் தூக்காதது. கனமான வெயிட்ட யாரையும் தனியா தூக்க விட மாட்டோம், தலைப்பக்கம் ஒருத்தர் நின்னு குனிஞ்சு, ராடுக்குக் கீழ கைய வெச்சுக்கிட்டு எண்ணணும். நான்தான் நின்னேன். மாஸ்க்கோட எண்ணினா காதுல விழல மாஸ்டர்னாரு. தாடைக்குக் கீழ இறக்கி விட்டுட்டு, அவர் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு கத்தினேன். எட்டு, ஒம்போது, இன்னும் ஒண்ணு சார், விடாதீங்க, இன்னும் ஒண்ணு. பத்து தூக்கினாரும்மா. எழுந்து உக்காந்து, எம்பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும் மாஸ்டர், நான் சொன்னா நம்ப மாட்டான்னாரு.

சொல்லிட்டேன். நாப்பது கிலோ, பத்து தடவை.

அழாத. இன்னும் முடியல, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணாச் சொல்லு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல பால் தீஞ்சு போச்சு. வீடெல்லாம் புகை. பொண்டாட்டி ஓடி வந்து, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே, மூக்குல என்ன அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு கத்தினா. அப்பதான் எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. திங்கக்கிழமை போயி டெஸ்ட் எடுத்தேன். ஆமான்னுட்டாங்க.

அந்த நோட்டு என் வீட்டுலதான் இருந்துச்சு. சனிக்கிழமைப் பக்கத்துல பதினோரு பேரு. ரெண்டாவது வரி உங்கப்பா. பதினோரு போனு, அரை மணி நேரம் கூட ஆகாது. கையில போன எடுத்தேம்மா, சத்தியமா எடுத்தேன். அப்புறம் தோணுச்சு, சங்கத் தலைவன் கடையிலேயே வந்துருச்சாம்னு நாளைக்கு அதே டிவியில வரும். மறுபடி எல்லாக் கடையும் மூடுவாங்க. ஊரெல்லாம் காறித் துப்பும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது, எல்லாம் நல்ல உடம்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கடையில ஒரு போர்டு மாட்டச் சொன்னேன். 'பராமரிப்பு வேலை, பத்து நாள் விடுமுறை'ன்னு. கடையத் திறக்கணும் திறக்கணும்னு கத்தினவன், வாயத் திறக்க வேண்டிய அன்னைக்குத் திறக்கல.

டைலருக்கு வந்துச்சு. கண்ணாடிக்கும் வந்துச்சு. ரெண்டு பேரும் சின்ன வயசு, தப்பிச்சுக்கிட்டாங்க. உறுதியாச் சொல்ல முடியாது, எங்கேருந்து வேணா வந்திருக்கலாம்னு டாக்டர் யாராவது சொல்லுவாங்க. அதையே ஒரு வருஷமா நானும் சொல்லிக்கிட்டுத்தான் சோறு தின்னேன். ஆனா திங்கக்கிழமையே நான் ஒரு போன் பண்ணியிருந்தா அவர் உஷாராகி இருப்பாரு. சக்கரை இருக்குன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு. உன்னையும் கிட்ட சேத்திருக்க மாட்டாரு. அவர்தான் உனக்குக் குடுத்தாரு, நீ அவருக்குக் குடுக்கலம்மா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே. ஒரு வருஷமா அந்தப் பழியில நீ உக்காந்திருக்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்னு சொல்ல வாய் வருது. அதையும் நம்பாத.

போயி லாக்கரத் திற. துண்டு, இடுப்பு பெல்ட்டு, ஒரு பவுடர் டப்பா இருக்கும், அவ்ளோதான். இந்தப் பையையும் எடுத்துக்கோ, இத நான் போட்டுக்க முடியாது. உங்கம்மா இப்ப வீட்டுலதான இருப்பாங்க? சீட்டெல்லாம் எழுத வேணாம், நானே வந்து சொல்றேன். ஷட்டர இழுத்து விட்டுட்டு வந்துடுறேன், ஒரே நிமிஷம்.

நீ முன்னாடி போகாதம்மா, என் பின்னாலயே வா. தனியா விட்டா பாதி வழியில திரும்பிடுவேன்.