ஒன்றேகால் அடி

'கையெழுத்துப் போட்டால் நான் மனுஷியே இல்லை...'

வாயைத் திறக்காமல் இதையே சொல்லிக்கொண்டு வண்டியோட்டி வந்தாள். மணி ஏழேகால். குன்றைச் சுற்றிப் போகும் சாலை. முன்னும் பின்னும் ஒரு விளக்கு கிடையாது... நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள். இது நம் தையல்காரியின் நாத்தனாருக்கு நடந்தது. அதோ, தலையாட்டுகிறாள் பாருங்கள்.

நாத்தனாருக்குத் தொல்லியல் வேலை. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் குன்றைக் குடைந்து தங்கம் எடுத்திருக்கிறார்கள். பாறையைத் தீயில் சுட்டு, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, தங்கம் ஓடிய வெள்ளைக்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே அனுப்புவார்கள். எட்டு வருஷம் அதைத் தோண்டினாள். உள்ளே வழியின் அகலம் ஒன்றேகால் அடி. வளர்ந்த ஆளின் தோள் நுழையாது. கரிக்கு அடியில் ஒரு பல் கிடைத்தது. பால்பல்.

யார் உள்ளே போனார்கள் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

மறுநாள் காலை அருங்காட்சியகத் திறப்பு. அருங்காட்சியகக் குழுத் தலைவர் அங்கே மாட்டும் விளக்கப் பலகையின் வாசகத்தை மாற்றிவிட்டார். 'குழந்தைகள்' போய் 'தேர்ந்த தொழிலாளர்கள்' வந்துவிட்டார்கள். பல் பெட்டியிலேயே கிடக்கட்டுமாம்.

"குடும்பத்தோட சந்தோஷமா வர்றவங்கள ஒரு பல்லைக் காட்டி அழ வைக்கணுமாம்மா?" என்று போனில் கேட்டார். தோண்டியவள் கையெழுத்து இல்லாமல் பலகை ஏறாது. போடாவிட்டால் நாளையிலிருந்து குன்றுப்பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கோபம். அவர்மேல் மட்டுமில்லை. அருங்காட்சியகத்தில் மரத்திலும் சுண்ணாம்பிலும் மாதிரிச் சுரங்கம் கட்டியபோது, வருகிறவர்கள் ஜாலியாகத் தவழ்ந்து போக மூன்றடி அகலம் வேண்டும் என்றார். சரியென்று தலையாட்டியவள் இவள்தான். அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்தக் கோபம்?

அவள் போய்ச் சேர்ந்தபோது மாதிரிச் சுரங்கத்தின் வாசலில், அதைக் கட்டிய தச்சர் டேப்போடு நின்றிருந்தார். பக்கத்தில் தலைவர்.

"மூணடிதாம்மா வெச்சேன். இப்ப ரெண்டடி காட்டுது."

யாரது சிரிப்பது? சிரி, சிரி. வீட்டுக்குத் தனியாகத்தானே போகப்போகிறாய்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்," என்றார் தலைவர்.

"அப்ப பக்கத்துக் கதவு ஏன் சார் ஊதல?"

"டேப் பிடிக்கத் தெரியாதவன்கிட்ட வேலையைக் கொடுத்தேன் பாரு!"

செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு தலைவரே தவழ்ந்து உள்ளே போனார். மொத்தம் பத்தடிதான். மறுமுனையைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

முதலில் வாடை. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அது. பிறகு ஓசை. டொக்... டொக்... டொக்... கல்லில் கல். அப்புறம் அலறல்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை இரண்டு தோளிலும் கிழிய, வெளியே வந்து விழுந்தார். வலக்கை இறுக மூடியிருந்தது.

"முன்னாடியிருந்து... யாரோ கையில திணிச்சுக்கிட்டே இருந்தாங்க. பின்னாடி ஒருத்தன் உள்ளங்கால்ல கை வெச்சுத் தள்ளினான்... சின்னக் கை. நீங்களா?"

"நாங்க இழுக்கத்தான் இழுத்தோம் சார்," என்றார் தச்சர்.

விரல்களைப் பிரித்தார்கள். வெள்ளைக்கல் சில்லுகள். ஈரம். தொட்டால் சூடு. நடுவில் ஒரு பால்பல்.

அவள் பதறிப்போய்த் தன் பையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். தோண்டி எடுத்த பல் அதில் பத்திரமாக இருந்தது. இது வேறு. இதன் அடியில் இரத்தம் இன்னும் காயவில்லை.

தச்சர் வாசலை மறுபடி அளந்தார். டேப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்றேகால் அடி.

தலைவருக்கு மூச்சு திரும்பியது. திரும்பியதும் சட்டைப்பையிலிருந்து பேனாவைத்தான் எடுத்தார்.

"இந்தச் சுரங்கத்தை ராத்திரியோட ராத்திரியா மூடிடலாம். வெளியில மூச்சு விடாதீங்க. நீங்க... கையெழுத்தை மட்டும் போட்டுடுங்கம்மா."

உள்ளே டொக் டொக் சட்டென்று நின்றது. யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதுபோல.

கத்த வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். அது தேவைப்படவில்லை. பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டாள். அவர் பையிலேயே செருகினாள்.

"மாட்டேன் சார்."