மைக்கில் அறிவித்த பாஸ்வேர்டு

முதலில் இந்தப் பேனாவுக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். எங்கள் நீச்சல் கிளப்பில் பதினோரு வருடம் செயலாளராக இருந்தேன். ஒழுங்காக எழுதும் பேனா ஒன்று கண்ணில் பட்டதில்லை.

உறுப்பினர்களின் உடல்நலப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. தலைவரின் மகளுக்கு வலிப்பு உண்டு, ஆழமான பக்கம் விடக் கூடாது என்பதும் நான் ஏற்றியதுதான்.

அந்தப் படிவங்களைத் திறக்க எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வருடாந்திரக் கூட்டத்தில் தலைவர் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறி அதை மைக்கில் அறிவிப்பார். கைதட்டுவார்கள். இந்த வருடம் அவருடைய பெயரும் அவர் கோப்பை வாங்கிய வருடமும். நான் எழுந்து, "ஐயா, இதையெல்லாம் மைக்குல சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

"ஏம்ப்பா, நமக்குள்ள யாரு திருடன்? விட்டா பொண்டாட்டியையே சோதனை போட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவ போலிருக்கே."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாவது வரிசையில் என் மனைவியும்.

மறுவாரம் பதவி போயிற்று. சாவியை வாங்கினார்கள், நாற்காலி மெத்தையைக்கூட வாங்கிக்கொண்டார்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றவில்லை. நேற்று வரை அதேதான்; பார்த்தேன்.

அவர்களுக்குப் புரிய ஒரு சின்ன உதாரணம் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே திறந்து, தலைவர் மகளின் படிவத்தில் 'வலிப்பு, ஆழமான பக்கம் விடக் கூடாது' என்பதை எடுத்துவிட்டு 'ஏதுமில்லை' என்று போட்டேன். தலைவர் வீட்டு விஷயம், உடனே கவனிப்பார்கள் என்றுதான்.

புதுப் பயிற்சியாளர் அந்த வாரம்தான் சேர்ந்திருந்தார். படிவத்தைப் பார்க்காமல் யாரையும் தண்ணீரில் இறக்காத மனிதர். பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்ல சார்."

பன்னிரண்டு வயது. ஆழத்துக்கு ஏங்கிக் கிடந்தவள், வேறென்ன சொல்வாள்? படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அங்கிள், இன்னைக்கு நான் அந்தப் பக்கம்" என்று கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

தவறைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தார். அவள் மூழ்கியதிலிருந்து நாலு நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மூச்சு திரும்பிவிட்டதாம். அவளுக்கு அப்பா யாரென்றுதான் தெரியவில்லையாம். கிளப்பே மனப்பாடம் செய்த பெயரை அவர் தினமும் அவள் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை. எட்டு முறை எழுதிக் கொடுத்து எச்சரித்தவன். பழைய படிவத்தின் நகல்கூட அன்று என் சட்டைப்பையில் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.